விடப்பட்டோர் கணக்கு: சான்பிரான்சிஸ்கோ சலவைச்சாலை வழக்கு பற்றிய ஓர் ஆய்வு

முன்னுரை

ஒரு சட்டத்தின் சொற்களை மட்டும் கொண்டு, அச்சட்டத்தின்கீழ் வாழ்ந்த மக்களின் நிலையை உணர்ந்துவிடலாம் எனக் கருதுதல் வரலாற்றாராய்ச்சியில் எளிதில் நேரும் பிழையாகும். சட்டத்தை எழுதிய கை வேறு. அதனை நடத்திய கை வேறு. எவ்வினத்தின் பெயரையும் சுட்டாத விதியொன்றைக் கொண்டு ஓரினத்தாரை மட்டும் வருத்துதல் இயலும். அவ்வாறு வருத்தியதை எங்ஙனம் மெய்ப்பிப்பது? இவ்வினாவிற்கு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சான்பிரான்சிஸ்கோ நகரத்துச் சீனச் சலவைத் தொழிலாளர் நடத்திய வழக்கு விடை தருகின்றது. அதனை ஈண்டு ஆராய்வோம்.

1. தொழிலும் பகையும்

கலிபோர்னியாவில் 1848 ஆம் ஆண்டு பொன் கண்டெடுக்கப்பட்ட பின்னர்த் தென்சீனத்தினின்று பல்லாயிரவர் அங்குச் சென்றனர். சுரங்கங்களினின்று அவர்கள் படிப்படியாக விலக்கப்பட்டனர். கண்டத்தின் இரு கரைகளையும் இணைக்கும் இருப்புப்பாதை வேலையும் 1869 இல் முடிவுற்றது. அதன்பின் பலர் நகரங்களை அடைந்து சிறு தொழில்களை மேற்கொண்டனர். சலவைத் தொழிலுக்குப் பெருமுதல் வேண்டா. ஒரு மரவீடும், அடுப்பும், தொட்டியும், இஸ்திரிப்பெட்டியும், ஓயாத உழைப்புமே போதும். தொழிலாளர் பெரும்பாலும் சலவைச்சாலையிலேயே உண்டு உறங்கினர். ஆதலின் கடைக்கு வந்த இடர் அவர்தம் உறையுளுக்கும் வந்த இடராயிற்று.

1873 இல் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சி வேலையின்மையைப் பெருக்கியது. வெள்ளைத் தொழிலாளரின் சினம் முதலாளிகளினும் சீனர்மீதே மிகுதியாகத் திரும்பியது. 1877 சூலைத் திங்களில் நிகழ்ந்த கலகத்தில் சீனர் சலவைச்சாலைகள் பல தாக்கப்பட்டன. அவ்வாண்டிலேயே டெனிசு கியர்னி என்பாரின் தலைமையில், சீனர் வெளியேற வேண்டும் என்பதை முழக்கமாகக் கொண்ட தொழிலாளர் கட்சி எழுந்தது. கலகக்காரர் கல்லால் செய்ய முயன்றதை நகர மன்றம் விதியால் செய்ய முயன்றது எனலாம்.

2. பெயர் சுட்டாத விதிகள்

1870 இல் நடைபாதையில் காவடித் தண்டு கொண்டு சுமை தூக்கிச் செல்லுதல் தடுக்கப்பட்டது. அவ்வாறு சுமந்து சென்றவர் சீனரே. அதே ஆண்டில், உறங்கும் இடத்தில் ஆள் ஒருவருக்கு 500 கன அடி காற்றிடம் இருத்தல் வேண்டும் என்றொரு விதி பிறந்தது. நலவாழ்வு கருதிய விதிபோல் தோன்றும் இதனைக் காவலர் நடத்திய முறை வேறு. அவர்கள் இரவில் சீனர் விடுதிகளுள் புகுந்து, உறங்கினோரை எழுப்பிச் சிறைக்குக் கொண்டு சென்றனர். நெரிசலுற்ற அச்சிறையிலோ அவ்விதி கூறிய காற்றிடம் இல்லை. சலவைச்சாலை உரிமக் கட்டணமும் குதிரை வண்டி வைத்திருப்போரினும் வண்டியில்லாதோர்க்கே மிகுதியாக விதிக்கப்பட்டது. துணிமூட்டையை நடந்து சென்று சேர்ப்பித்தவர் யாவர் என்பது வெளிப்படை.

கைதானோர் தண்டம் செலுத்த மறுத்துச் சிறையை நிரப்பவே, சிறைப்பட்டோர் தலைமயிரை ஓர் அங்குல அளவுக்குக் குறைக்க வேண்டும் என்னும் விதி 1876 இல் இயற்றப்பட்டது. பின்னல் இழத்தல் சீனர்க்கு மானக்கேடு. இவ்வாறு பின்னலை இழந்த ஹோ ஆ கோ என்பவர் தொடுத்த வழக்கில், 1879 இல் நீதிபதி ஸ்டீபன் ஃபீல்டு அவ்விதி செல்லாது எனத் தீர்ப்பளித்தார். ஊரார் அனைவரும் அறிந்த நோக்கத்தை நீதிபதி மட்டும் அறியாதவர்போல் இருத்தல் இயலாது என்பது அவர் கருத்து. எனினும் 1885 இல் இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை சலவைத் தொழிலைத் தடுத்த விதி உச்ச நீதிமன்றத்தின்முன் வந்தபோது, விதி இயற்றினோரின் உள்நோக்கத்தை நீதிமன்றம் ஆராய்தல் ஆகாது என அதே ஃபீல்டு எழுதினார். அவ்வழக்கின் எதிர்வாதி நகரக் காவற்படைத் தலைவர் குரோலி என்பது குறிப்பிடத்தக்கது. நோக்கத்தைக் காட்டி வெல்லும் வழி இதனால் அடைபட்டது.

3. 1880 ஆம் ஆண்டு விதியும் யிக் வோ வழக்கும்

செங்கல் அல்லது கருங்கல் கட்டடத்தில் அன்றிப் பிற கட்டடங்களில் சலவைச்சாலை நடத்துவோர் நகர மன்றத்தின் இசைவைப் பெறுதல் வேண்டும் என 1880 இல் விதிக்கப்பட்டது. இசைவு அளித்தற்கோ மறுத்தற்கோ எவ்வகை அளவுகோலும் கூறப்படவில்லை. தீக்காப்பே காரணம் எனப்பட்டது. ஆயின், நகரத்து வீடுகளில் பத்தில் ஒன்பது பங்கு மரத்தாலானவையே. ஏறக்குறைய 320 சலவைச்சாலைகளுள் 310 மரக்கட்டடங்களில் இருந்தன. 240 சீனர்க்கு உரியன.

யிக் வோ என்னும் பெயரால் வழக்கேட்டில் குறிக்கப்படுபவர் 1861 இல் கலிபோர்னியாவுக்கு வந்தவர். (அப்பெயர் கடைக்கு உரியதென்றும், உரிமையாளர் பெயர் லீ யிக் என்றும் பின்னையோர் கூறுவர்.) ஒரே கட்டடத்தில் 22 ஆண்டுகள் தொழில் நடத்திய அவரிடம் தீத்தடுப்பு அதிகாரிகளும் நலவாழ்வு அதிகாரியும் வழங்கிய சான்றுகள் இருந்தன. 1885 இல் மன்றம் அவருக்கு இசைவு மறுத்தது. தொழிலைத் தொடர்ந்த அவர் கைதானார். 10 டாலர் தண்டம், செலுத்தத் தவறின் நாளொன்றுக்கு ஒரு டாலராகச் சிறை என்று தீர்ப்பாயிற்று. சலவைத் தொழிலாளர் சங்கமாகிய துங் ஹிங் தாங் வழக்கை மேற்கொண்டு நடத்தியது. மாநில உச்ச நீதிமன்றம் மனுவைத் தள்ளியது.

நாட்டின் உச்ச நீதிமன்றத்தில் வென்றது ஒரு கணக்கு. இசைவு வேண்டிய சீனர் 200 பேர். இசைவு பெற்றவர் ஒருவருமிலர். அதே நிலையில் மரக்கட்டடங்களில் தொழில் நடத்திய பிறர் ஏறக்குறைய 80 பேர். அவருள் ஒருவர் நீங்கலாக அனைவரும் இசைவு பெற்றனர். கைது செய்யப்பட்ட சீனர் 150க்கும் மேற்பட்டவர். பிறரோ தொல்லையுறாமல் தொழில் நடத்தினர். இவ்வெண்களை எதிர்த்தரப்பும் மறுக்கவில்லை. 1886 மே 10 ஆம் நாள் நீதிபதி ஸ்டான்லி மாத்யூசு நீதிமன்றத்தின் ஒருமித்த தீர்ப்பை வழங்கினார். விதியின் சொற்கள் நடுநிலையாயினும், அதனை நடத்திய முறை இனவேறுபாட்டால் அமையின் அது சமநீதியை மறுப்பதே என்பது தீர்ப்பின் கரு. 1868 இல் நிறைவேறிய பதினான்காம் அரசியல் திருத்தம் குடிமகனை மட்டும் அன்றி மனிதர் எவரையும் காக்கும் என்றும் நீதிமன்றம் தெளிவுறுத்தியது.

4. தீர்ப்பின் எல்லை

இவ்வெற்றியை மிகைப்படுத்தலாகாது. சட்டம் இனத்தின் பெயரைச் சுட்டாது நின்றபோது கிடைத்த நீதி, அது வெளிப்படையாகச் சுட்டியபோது கிடைக்கவில்லை. 1892 ஆம் ஆண்டு கியரி சட்டம், சீனத் தொழிலாளர் ஒவ்வொருவரும் குடியிருப்புச் சான்றிதழ் பெறுதல் வேண்டும் என்றது. சான்றிதழ் இல்லாதவர் கைது செய்யப்படலாம். முன்பே குடியிருந்தார் என்பதற்கு வெள்ளையர் ஒருவரேனும் சாட்சி கூறுதல் வேண்டும். 1893 இல் உச்ச நீதிமன்றம் இதனை ஏற்றது. மாறுபட்டு எழுதிய மூவருள் ஃபீல்டும் ஒருவர். அவ்வாண்டுத் திருத்தச் சட்டம் சலவைக்காரரையும் 'தொழிலாளர்' என்னும் சொல்லுள் அடக்கிச் சான்றிதழில் ஒளிப்படத்தையும் கட்டாயமாக்கியது. நகரக் காவலர் கையினின்று காத்த கடை இப்பொழுது குடிவரவு அதிகாரியின் கைக்குட்பட்டது. 1903 அக்டோபர் 11 ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை பாஸ்டன் நகரச் சீனர் பகுதியைக் காவலரும் குடிவரவு அதிகாரிகளும் சூழ்ந்து, சான்றிதழ் காட்ட இயலாத இருநூற்றுக்கும் மேற்பட்டோரைப் பிடித்துச் சென்றனர். சீனர் விலக்குச் சட்டங்கள் 1943 இல்தான் நீக்கப்பட்டன.

இத்தகைய விதி அமெரிக்காவோடு நிற்கவில்லை. தமிழரும் பெருந்தொகையினராய்க் குடியேறிய நேட்டாலில் 1897 ஆம் ஆண்டு வணிக உரிமச் சட்டம் இந்தியர் எனப் பெயர் சுட்டவில்லை. எனினும் உரிமம் மறுக்கும் அதிகாரத்தை அலுவலரின் விருப்பத்துக்கு விட்டு, நீதிமன்ற முறையீட்டையும் அடைத்தது. அச்சட்டத்தின் வரிகளில் மட்டும் இந்திய வணிகர் பட்ட துன்பத்தைத் தேடுவார் அதனைக் காணார்.

முடிபு

மேற்கூறியவற்றால் ஓர் உண்மை பெறப்படும். பிடிபட்டோர் பெயர் காவல் நிலையப் பதிவேட்டில் உண்டு. விடப்பட்டோர் பெயர் எப்பதிவேட்டிலும் இல்லை. இருவரையும் அருகருகே நிறுத்தினாலன்றி இனவேறுபாடு புலப்படாது. யிக் வோ வழக்கில் இது கைகூடியமைக்குக் காரணம், சலவைச்சாலைகள் எண்ணத்தக்கனவாய் இருந்தமையும் தொழிலாளர் சங்கம் முயன்று வழக்காடியமையுமே. தெருவில் நிறுத்தி வினவப்படும் தொழிலாளிக்கு அக்கணக்கு எளிதிற் கிட்டுவதன்று. ஆயினும், இனவேறுபாட்டால் வழக்குத் தொடுக்கப்பட்டதென முறையிடுவார், அதே நிலையிலிருந்த பிற இனத்தார் வழக்கின்றி விடப்பட்டதைக் காட்டுதல் வேண்டும் என 1996 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கூறியது. சான்று திரட்டும் சுமை இவ்வாறு துன்புற்றவர்மீதே விழுகின்றது. இச்சுமையில் ஒரு பங்கு வரலாற்றாசிரியர்க்கும் உரியது. சட்டநூல்களோடு உரிம ஏடுகள், தண்டக் கணக்குகள், தொழிற்சங்கக் குறிப்புகள் ஆகியவற்றையும் ஒப்புநோக்கி, பதிவேடு எழுதாமல் விட்டதையும் எண்ணுதல் நம் கடனாகும்.