ருத்ரா: சிங்கப்பூரின் 'வேத மெற்றல்' இசைக்குழு

சிங்கப்பூரில் 1992ஆம் ஆண்டு தமிழ்ப் பின்னணி கொண்ட இளைஞர்கள் ஆரம்பித்த இசைக்குழு 'ருத்ரா'. பாடகரும் பேஸ் கிற்றார் கலைஞருமான கதிர், டிரம்ஸ் வாசிக்கும் சிவா ஆகியோர் இதன் தூண்கள்.

ஹெவி மெற்றல் இசை இங்கிலாந்தின் பர்மிங்காம் தொழிற்சாலைப் பகுதியில் உருவானது. 'பிளாக் சபத்' குழுவின் கிற்றார் கலைஞர் ரொனி அயோமி, 17 வயதில் தொழிற்சாலை விபத்தில் இரு விரல் நுனிகளை இழந்தவர். பிளாஸ்ரிக் நுனிகளைப் பொருத்திக்கொண்டு வாசித்தார். காயத்துக்கு ஏற்ப மெல்லிய தந்திகளைப் பயன்படுத்தினார். பின்னர் தந்திகளைத் தளர்த்தியும் வாசித்தார். அந்தக் கனத்த ஒலியே இவ்விசையின் அடையாளமாயிற்று.

பின்வந்தவர்கள் அதில் தங்கள் மண்ணின் ஒலியைச் சேர்த்தனர். செக் நாட்டின் பிராக் நகரில் 1987இல் தோன்றிய 'மாஸ்டர்ஸ் ஹமர்' குழு, மேற்கத்திய செவ்வியல் இசைக்குரிய டிம்பனி முரசைப் புகுத்தியது. ருத்ரா சேர்த்தது சமஸ்கிருத மந்திர உச்சாடனத்தையும் இந்திய இசையின் சாயலையும். இதற்கு அவர்கள் இட்ட பெயர் 'வேத மெற்றல்'.

குழுவின் பெயரையே தாங்கிய முதல் அல்பம் 1998இல் வெளியானது. அதில் டெத் மெற்றலின் வேகமும் உறுமலும் மேலோங்கியிருந்தன. 2003இல் 'குருக்ஷேத்ரா' வந்தது. 2005, 2009, 2011ஆம் ஆண்டுகளில் வெளியான 'பிரம்மவித்யா' வரிசையின் மூன்று அல்பங்களிலும் உபநிடதமும் அத்வைதமுமே பொருளாயின. மந்திரம் அலங்காரமாக நில்லாமல் பாடலின் உடலாக மாறியது இக்காலத்தில்தான்.

இக்குழு தமிழ் வாசகரிடம் ஒரு கேள்வியையும் எழுப்புகிறது. பாடல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் சமஸ்கிருதத்திலுமே உள்ளன. 2001இல் வெளியான அல்பத்தின் பெயர் 'த ஆர்யன் குருசேட்'. 'ஆர்ய' என்பதற்கு வடமொழியில் மேன்மை என்ற பொருள் உண்டு. ஆயினும் திராவிட இயக்க வரலாறு அறிந்தவர்க்கு அச்சொல் உறுத்தவே செய்யும். தமிழ்ப் பிள்ளைகள் தமது வேரைத் தேடும்போது தமிழ் ஏன் பின்தங்கியது?

ஆரையம்பதியிலிருந்து கேட்கும்போது இக்கேள்வி இன்னும் நெருக்கமானது. கண்ணகை அம்மன் சடங்கின் உடுக்கும், வடமோடி, தென்மோடிக் கூத்தின் மத்தளமும் இந்த வாவிக்கரையின் ஒலிகள். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் விடிய விடிய ஆடும் கூத்தைச் சுருக்கிப் பேராதனை மேடைக்குக் கொண்டுபோனார். மரபு அழியவில்லை; புதிய பார்வையாளரைப் பெற்றது.

போர் நம்மிடமிருந்து பல அண்ணாவிமாரையும் களரிகளையும் பறித்துவிட்டது. எஞ்சிய தாளங்களை இளையோர் கிற்றாரில் வாசிக்க விரும்பினால், அதைக் கெடுதல் என்று தடுக்க வேண்டியதில்லை. முதலில் அத்தாளங்களை அண்ணாவிமாரிடம் முறையாகக் கற்க வழிசெய்வதே பெரியோர் கடமை.