லாயமும் லயமும்: மஸ்கெலியாத் தோட்டக் கட்டடங்கள் பற்றிய ஒரு குறிப்பு

கட்டடமொன்றின் வரலாறு அது கட்டி முடிக்கப்பட்ட நாளோடு நிறைவுறுவதில்லை. காலப்போக்கில் அதன் பயன்பாடு மாறுகிறது. அம்மாற்றத்தைத் தீர்மானிக்கும் உரிமை யாருக்கு இருந்தது என்பதே சமூக வரலாறு எழுப்பவேண்டிய வினா. மஸ்கெலியா, டிக்கோயாப் பகுதிகளின் தோட்டக் கட்டடங்களை இந்நோக்கில் ஆராய்வது பயனுடைத்து.

இப்பள்ளத்தாக்குகள் கோப்பிக் காலத்தின் பிற்பகுதியிலே காடழித்துத் தோட்டங்களாக்கப்பட்டவை. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின் தேயிலை பரவிற்று. 1884இல் புகையிரதம் ஹட்டனை அடைந்தபோதும் தோட்டத்தினுள்ளே துரை குதிரையிலேயே சுற்றி வந்தார். ஆதலின் பங்களாவின் பின்புறத்தே முற்றமும் அதனையொட்டி லாயமும் அமைக்கப்படலாயின. அகன்ற வாயில், உயர்ந்த கூரை, காற்றோட்டம், நீர் வடியத்தக்க தளம் என்பன லாயத்துக்கு இன்றியமையாதவை. இவ்வமைப்பினாலேயே குதிரை மறைந்து மோட்டார் வண்டி வந்த காலத்தில் லாயம் எளிதில் வண்டிக்கொட்டகையாகவும் களஞ்சியமாகவும் மாறத்தக்கதாயிற்று.

இங்கிலாந்தின் அனுபவமும் இவ்விடத்து நோக்கற்பாலது. இலண்டன் மாளிகைகளின் பின்புறத்தே ‘மியூஸ்’ எனப்படும் லாய வரிசைகள் இருந்தன. கீழே குதிரைகளும் மேலே வண்டியோட்டிகளும் இருந்த அக்கட்டடங்கள் இன்று செல்வர் விரும்பும் இல்லங்களாகிவிட்டன. மலையகத்திலும் முதலாளியத்தின் கட்டடங்கள் இத்தகைய மறுவாழ்வு பெற்றுள்ளன. கந்தப்பளையில் ஹெதர்செற் தேயிலைத் தொழிற்சாலை 1996இல் விடுதியாயிற்று. 1925இல் எழுந்த ஹந்தானைத் தொழிற்சாலை 2001இல் தேயிலை அருங்காட்சியகமாயிற்று. 2005 முதல் காசல்றீ நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்த துரைமார் பங்களாக்கள் உல்லாசப் பயண விடுதிகளாயின.

இவற்றுக்கு நேர்மாறானது லயத்தின் கதை. ‘லைன்’ என்னும் ஆங்கிலச் சொல்லே லயன் எனவும் லயம் எனவும் வழங்கலாயிற்று. ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவினதான ஒரு காம்பிரா, அதன் முன்னே ஒரு குறுகிய திண்ணை: இதுவே ஒரு குடும்பத்தின் உறைவிடம். சமைத்தலும் உறங்குதலும் பிறப்பும் இறப்பும் அதனுள்ளேயே நிகழ்ந்தன. உழைப்புக்காகத் தரப்பட்ட தங்குமிடமாதலின், உழைப்போருக்கு அதன்மீது உடைமையுரிமை இருக்கவில்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுட் பெரும்பாலாரின் குடியுரிமையையும் மறுத்தது. 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிருவாகம் கம்பனிகளிடம் சென்றது. உடைமையாளர் மாறினரேயன்றி லயத்தின் அடிப்படை அமைப்பு மாறவில்லை. புதிய வீடுகள் பல எழுந்துள்ள போதிலும் இன்றும் பெருந்தொகையான குடும்பங்கள் லயங்களிலேயே வாழ்கின்றன.

மாற்றம் இயலாதது என்பார்க்கு மஸ்கெலியாவே விடையளிக்கும். மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கம் 1969இல் நிறைவுற்றபோது பழைய நகரம் நீரில் மூழ்க, புதிய நகரம் மேட்டில் அமைந்தது. மின்சாரத்தின் பொருட்டு ஒரு நகரையே இடம்பெயர்த்த நாட்டில், பத்தடிக் காம்பிராவை மாற்றுதல் பொறியியல் சார்ந்த சிக்கலன்று. அது உரிமை சார்ந்த சிக்கலாகும்.

கம்பளையை அடுத்த பழைய லயமொன்று 2007இல் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. தொழிலாளரின் வாழ்வும் வரலாறாக மதிக்கப்படுதற்கு அது சான்று. ஆயினும் அருங்காட்சியகத்திற்குள் வைத்துக் காட்டப்படும் வாழ்க்கை வெளியேயும் தொடரும்வரை அவ்வரலாறு கடந்தகாலத்துக்குரியதாகாது. லாயம் மாறிற்று, பங்களாவும் மாறிற்று. லயத்தில் வாழ்வோர் தம் நிலத்துக்கும் மனைக்கும் உரியோராகும்போதே மலையகக் கட்டட வரலாற்றில் உண்மையான மாற்றம் நிகழ்ந்ததாகக் கொள்ளலாம்.