பச்சைப் பொத்தானும் நீலப் பொத்தானும்

ஒளிநகல் இயந்திரத்திற்குத் தமிழில் கலைச்சொற்கள் பல ஆக்கப்பட்டபோதும், மக்கள் வழக்கில் நிலைத்தது ‘ஜெராக்ஸ்’ என்னும் நிறுவனப் பெயரே. பெங்களூரு அடுகோடியின் கடைத்தெருவிலும் அச்சொல்லே புழங்குகிறது. அக்கடைகளில் வாடிக்கையாளர் இயந்திரத்தைத் தொடுவதில்லை. “ரெண்டு பக்கமும், பத்து காப்பி” என்று அவர் சொல்வதைக் கடைக்காரர் பொத்தான்களாக மொழிபெயர்க்கிறார். இந்த மொழிபெயர்ப்பாளரை அகற்றிவிட்டுப் பயனரையே இயந்திரத்தின் முன் நிறுத்தினால் என்ன நிகழும் என்பது 1980களில் ஓர் ஆய்வுச் சிக்கலாக உருவெடுத்தது.

ஜெராக்ஸ் நிறுவனம் 1959இல் வெளியிட்ட 914 இயந்திரத்தின் பணி எளியது. பின்வந்தவை இருபக்க நகல், அளவு குறைத்தல், தாள்களை வரிசைப்படுத்தல் எனப் பல வேலைகளை ஏற்றன. பச்சைப் பொத்தானை அழுத்தினால் போதும் என்றது விளம்பரம். இயந்திரம் மிகக் கடினமானது என்றனர் வாங்கியவர்கள். அந்நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் பணியாற்றிய மானிடவியலாளர் லூசி சுச்மன், இருவர் இருவராகப் பயனர்களை இயந்திரத்தின் முன் நிறுத்திப் படம் பிடித்தார். கணினி அறிவியலில் தேர்ந்தவர்களே இருபக்க நகல் எடுக்கத் திணறிய காட்சி அப்படங்களில் பதிவாயிற்று. அந்த ஆய்வு 1987இல் ‘பிளான்ஸ் அண்ட் சிச்சுவேட்டட் ஆக்‌ஷன்ஸ்’ என்னும் நூலாக வெளிவந்தது.

மொழியியல் மாணவர்க்கு இந்நூல் அயலானதன்று. உரையாடல் பகுப்பாய்வின் கருவிகளைக் கொண்டே சுச்மன் இயந்திரத்தை அணுகினார். மனிதர் பேசும்போது முகக்குறிப்பு, தயக்கம், சூழல் அனைத்தும் பொருள் தருகின்றன. இயந்திரத்திற்கோ பொத்தானும் உணரியும் தெரிவிப்பவை மட்டுமே எட்டும். ஒரே கட்டளை திரையில் மீண்டும் தோன்றினால், ‘அடுத்த தாளுக்கும் இதையே செய்க’ என்று பொருளா, ‘முன்பு செய்தது பிழை’ என்று பொருளா? பயனரால் பிரித்தறிய இயலவில்லை. ஆகவே பொத்தான்களின் எண்ணிக்கையைக் குறைத்துவிட்டால் மட்டும் தீர்ந்துவிடும் சிக்கலன்று இது.

இதே காலத்தில், அடுகோடிக்கு வடமேற்கே ஜாலஹள்ளியிலுள்ள பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனமும், ஹைதராபாத்தின் எலெக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷனும் வேறொரு பலகையை உருவாக்கிக்கொண்டிருந்தன. மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் 1982 மே மாதம் கேரளத்தின் பரவூர்த் தொகுதியில் 50 சாவடிகளில் முதன்முதலாகப் பயன்பட்டது. சட்டத்தில் அதற்கு இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் 1984இல் தீர்ப்பளிக்க, 1988இல் சட்டம் திருத்தப்பட்டது. வடிவமைப்பில் பம்பாய் ஐஐடியின் தொழில் வடிவமைப்பு மையத்தைச் சேர்ந்த ஏ. ஜி. ராவும் ரவி பூவையாவும் பங்காற்றினர்.

வாக்காளர் காண்பது பெயர், சின்னம், அருகே ஒரு நீலப் பொத்தான். சின்னமோ 1951–52 முதற்பொதுத்தேர்தலின் கொடை. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கான அந்த ஏற்பாட்டை இயந்திரம் அப்படியே ஏற்றுக்கொண்டது. ஓர் அலகில் 16 பொத்தான்கள். வேட்பாளர் குறைவாயின் எஞ்சியவை மூடப்பட்டுவிடும். அழுத்தியதும் சிவப்பு விளக்கு எரிந்து ‘பீப்’ ஒலி எழும். தேர்தல் அலுவலர் தம் அலகில் மீண்டும் பொத்தானை அழுத்தும்வரை மறு அழுத்தத்திற்குப் பயனில்லை. ஒரு வினை, ஒரு விடை. சுச்மன் கண்ட மயக்கம் தோன்றவே இங்கு வழியில்லை.

ஆனால் சிக்கல் மறைந்துவிடவில்லை, இடம் மாறியது. வாக்குப்பதிவை முடிக்கும் பொத்தான், முடிவு காட்டும் பொத்தான், அழிக்கும் பொத்தான் எல்லாம் அலுவலரின் கட்டுப்பாட்டு அலகில், கதவுக்கும் முத்திரைக்கும் பின்னே இருக்கின்றன. வரிசை பிறழ்ந்தால் அவை இயங்கா. அடுகோடிக் கடைக்காரரின் இடத்தில் இங்கே பயிற்சி பெற்ற அலுவலர் நிற்கிறார். வாக்காளர்க்குக் கிட்டிய எளிமைக்கு விலை அவருடைய பயிற்சி வகுப்புகள்.

இன்னொரு விலையும் உண்டு. உரையாடலில் பேசியவர் தம் பிழையைத் தாமே திருத்திக்கொள்ளலாம். நகல் இயந்திரத்தில் பிழைத்தால் தாள்தான் வீண். இங்கோ தவறி அழுத்திய விரலுக்கு மறுவாய்ப்பில்லை. 2013 முதல் இணைக்கப்பட்டுவரும் ஒப்புகைச்சீட்டுக் கருவி ஏழு விநாடிகள் சீட்டைக் காட்டுகிறது. வாக்காளர் தம் பிழையைப் பார்க்கலாம், மாற்ற இயலாது.

பொத்தான் இல்லாமையும் ஒரு சுமையே. எவருக்கும் வாக்களிக்க விரும்பாதவர் முன்பு 1961ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளின் 49-ஓ பிரிவின்படி, அதைச் சாவடி அலுவலரிடம் வாய்விட்டுச் சொல்லி, பதிவேட்டில் கையொப்பமும் இடவேண்டியிருந்தது. மறைவாகச் சொல்லவேண்டிய சொல்லுக்குப் பலகையில் இடமில்லாததால் அது அறையில் உரக்க ஒலித்தது. 2013 செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றம் அதற்கும் ஒரு பொத்தான் வேண்டும் என ஆணையிட்டது. பட்டியலின் கடைசியில் ‘நோட்டா’ சேர்ந்தது. அதற்கெனத் தனிச் சின்னம் 2015இல்தான் வந்தது: குறுக்குக்கோடு இட்ட வாக்குச்சீட்டு. வரைந்தது அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனம்.