கையொப்பம் சேர்த்து அச்சேறிய நூல்கள்

19ஆம் நூற்றாண்டில் ஒரு படி விற்கும் முன்பே காகிதத்துக்கும் அச்சுக்கூலிக்கும் பணம் வேண்டியிருந்தது. எழுத்துக் கோக்கும் கூலி நூறு படிக்கும் ஆயிரம் படிக்கும் ஒன்றே. எனவே சில படிகள் மட்டும் அச்சிடுவது கட்டுபடியாகாது. இதற்கு வழியானது கையொப்ப முறை. நூலை வாங்க இசைந்தோர் முன்னரே கையெழுத்திட்டனர். சிலர் முன்பணமும் தந்தனர். உ. வே. சாமிநாதையர் 1887இல் வெளியிட்ட சீவக சிந்தாமணிக்கும் கையொப்பம் சேர்க்கப்பட்டது.

மடங்களின் ஆதரவும் துணைநின்றது. ஐயரை ஆதரித்த திருவாவடுதுறை ஆதீனத்துக்குக் கல்லிடைக்குறிச்சியில் கிளைமடம் உண்டு. ஆதீனத்தின் சின்னப்பட்டம் (இளைய தலைவர்) நமசிவாய தேசிகர் அப்போது அங்கே தங்கியிருந்தார். பத்துப்பாட்டுப் பதிப்புக்காக (1889) ஐயர் அவர் உதவியுடன் திருநெல்வேலிப் பகுதியில் ஏடு தேடினார்.

ஆனால் கையொப்ப முறையில் இடரும் இருந்தது: கையொப்பமிட்டவர் பின்னர் பணம் தராவிட்டால், நட்டம் பதிப்பித்தவருக்கே.