மணல் மூடியதும் மணலில் நின்றதும்

படாளம் கூட்டு ரோட்டிலிருந்து கடலுக்குப் போக இரண்டு வழி உண்டு. செங்கல்பட்டு போய்த் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்தில் இறங்கினால், வடக்கே சில கிலோமீட்டரில் சாளுவன்குப்பம். தெற்கே மதுராந்தகம், செய்யூர் என்று போய்க் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்தால் கடப்பாக்கம், அதை ஒட்டி ஆலம்பரைக் கோட்டை. இரண்டு இடத்திலும் இடிபாடு, மணல், கடல். ஒரே வாரத்தில் இரண்டையும் பார்த்துவிட்டு வந்தவன் என்பதால் சொல்கிறேன்: மண்ணுக்கு மேலே நின்றதைவிட மணலுக்குள் கிடந்ததுதான் நமக்கு அதிகம் மிஞ்சியிருக்கிறது.

ஆலம்பரை கண்ணுக்கு எடுப்பானது. 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் முகலாயர் ஆட்சிக்காலத்தில் எழுந்த கோட்டை. ஆர்க்காட்டு நவாப் தோஸ்த் அலி கான் கையில் இருந்தது, 1750ல் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேக்குப் போனது, 1760ல் ஆங்கிலேயர் பிடித்து இடித்துப் போட்டார்கள். துறைமுகமும் நாணயச்சாலையும் இருந்த இடம். ஆலம்பரை வராகன் என்று இந்த ஊர்ப் பெயரிலேயே காசு புழங்கியது. இன்று மீன்பிடிப் படகுகள் போகும் கழிமுகத்துக்குப் பக்கத்தில் மதில்கள் துண்டு துண்டாக நிற்கின்றன. சுவரை நெருங்கிப் பாருங்கள். உப்புக்காற்று செங்கல்லைத்தான் முதலில் தின்கிறது. ஒவ்வொரு செங்கல்லும் குழிந்து உள்ளே போய்விட, சுண்ணாம்புக் காரை மட்டும் வலைக்கண் போல வெளியே துருத்திக்கொண்டிருக்கிறது. விரலால் தொட்டால் செங்கல் செம்பொடியாக ஒட்டுகிறது.

சாளுவன்குப்பத்தில் நான் சொல்லும் இடத்தில் இப்படி நிமிர்ந்து நிற்பது எதுவும் இல்லை. பள்ளத்துக்குள் குனிந்து பார்க்க வேண்டிய கோயில் அது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை கரையை அரித்துவிட்டுப் போன பிறகு, அங்கே ஒரு பாறையில் கல்வெட்டு தெரிந்தது. ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் காலத்தது; திருவிழிச்சில் என்ற ஊரின் சுப்பிரமணியர் கோயிலைக் குறிப்பிட்டது. அப்படி ஒரு கோயில் கண்ணில் படவில்லை. பக்கத்தில் ஒரு மணல்மேடு மட்டும் இருந்தது. 2005ல் இந்தியத் தொல்லியல் துறையினர் அதைத் தோண்டினார்கள். மேலே பல்லவர் காலக் கருங்கல் கட்டடத்தின் எச்சம், கீழே அதற்கும் முந்தைய செங்கல் கருவறை, வடக்கு பார்த்த வாசல், எதிரே கல்லால் ஆன வேல், குரவைக்கூத்து ஆடும் பெண்களைக் காட்டும் சுடுமண் பலகை. செங்கல் கட்டடம் சங்ககாலத்தது என்று அகழ்ந்தவர்கள் சொன்னார்கள். கோயில் விழக் காரணம் கடல் பேரலைகளே என்றும் கருதினார்கள். காலக்கணிப்பில் வாதம் இருக்கலாம். பல்லவர் கட்டடத்துக்கு அடியில் அது கிடக்கிறது என்பதில் இல்லை.

எனக்கு அங்கே மனதில் நின்றது தூண் கல்வெட்டுதான். கோயில் விளக்கு எரியப் பதினாறு கழஞ்சு பொன் கொடுத்திருக்கிறாள் வசந்தனார் என்ற ஒரு பெண். ஏறத்தாழ 1,200 ஆண்டுக்கு முந்தைய அந்தக் கொடை மணலுக்குள் பத்திரமாக இருந்திருக்கிறது. அதில் பாதி வயதுகூட ஆகாத ஆலம்பரையிலோ, காசு அடித்த கை யாருடையது என்று சொல்ல ஓர் எழுத்தைக்கூட நான் பார்க்கவில்லை.

மணல் எங்கும் காவல்காரன் அல்ல. நமீபியப் பாலைவனத்தில் கோல்மன்ஸ்கோப் என்ற வைரச் சுரங்க ஊர் 1956க்குள் ஆளில்லாமல் போனது. இன்று மணல் வீட்டுக் கதவுகளைத் தள்ளிக்கொண்டு கூடத்தில் குவிந்து கிடக்கிறது. அங்கே மேடு இடம் மாறிக்கொண்டே இருக்கும். நம் கரையில் அடும்புக்கொடியும் ராவணன் மீசையும் படர்ந்து மணலைப் பிடித்து வைக்கின்றன. மூடிய மணல் மூடியபடியே இருக்கிறது. சாளுவன்குப்பம் பிழைத்தது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

அதனால் ஆலம்பரையைவிட எனக்குக் கவலை தருவது, இரண்டுக்கும் நடுவே உள்ள கடற்கரை. மனைப்பிரிவுக்கும் விடுதிக்கும் மேடுகளை வழித்துச் சமன் செய்கிறார்கள். 2004க்கு முன் யாராவது அந்த ஒரு மேட்டை வழித்து வேலி போட்டிருந்தால், பாறைக் கல்வெட்டு சொன்ன கோயிலை எங்கே போய்த் தேடியிருப்போம்? இந்தக் கரையில் பெரிய மணல்மேடு எதையும், தொல்லியல் துறையினர் வந்து பார்க்காமல் தொடக்கூடாது என்று விதி வர வேண்டும்.

இரண்டு இடத்துக்கும் போங்கள். சாளுவன்குப்பத்தில் புலிக்குகையோடு திரும்பிவிடாமல் வடக்கே இன்னும் கொஞ்சம் நடந்து அந்தப் பள்ளத்தை எட்டிப் பாருங்கள். ஆலம்பரையில் மதில் மேல் ஏறாதீர்கள். உதிர்ந்த செங்கல்லைக் கையில் எடுத்தால், பார்த்துவிட்டு எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.