மோட்டார் வாகனத் தகுதிச் சான்று

ஒரு வண்டி சாலையில் ஓடத் தக்க நிலையில் இருப்பதாக மோட்டார் வாகன ஆய்வாளரோ அங்கீகாரம் பெற்ற சோதனை நிலையமோ அளிக்கும் ஆவணம் தகுதிச் சான்று. வழக்கில் எஃப்.சி. இந்தியாவில் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 56ஆம் பிரிவு இதற்கு அடிப்படை. லாரி, பஸ், டாக்சி, ஆட்டோ போன்றவை இச்சான்று இல்லாவிட்டால் பதிவு பெற்றவையாகவே கருதப்பட மாட்டா. எட்டு ஆண்டு வரை இரண்டாண்டுக்கு ஒருமுறையும் அதன் பிறகு ஆண்டுதோறும் அவை சோதனைக்கு வர வேண்டும். சொந்த உபயோகத்துக்கான காருக்கோ பதிவின் ஆயுளான 15 ஆண்டுகள் முடியும்வரை எந்தத் தகுதிச் சோதனையும் கிடையாது. பிறகு பதிவை ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கும்போதுதான் உண்டு. ஆக, வண்டி எதற்கு ஓடுகிறது, அதற்கு வயது என்ன என்ற இரண்டையும் சட்டம் கேட்கிறது. அது எவ்வளவு அடிபட்டது என்று கேட்பதில்லை. விபத்திலோ வெள்ளத்திலோ சிக்கி, காப்பீட்டு நிறுவனம் கைகழுவிய கார்கள் சீரமைக்கப்பட்டு மறுபடி சாலைக்கு வருவது இந்த இடைவெளியின் வழியாகத்தான்.

இடைவெளியின் காரணம் சட்டத்தின் பிறப்பிலேயே இருக்கிறது. சென்னை மாகாணம் 1907இலேயே மோட்டார் வாகனச் சட்டம் இயற்றிக்கொண்டது. இதுபோன்ற மாகாணச் சட்டங்களுக்குப் பதிலாக நாடு முழுமைக்கும் 1914இல் ஒரே சட்டம் வந்தது. பதிவு, ஓட்டுநர் உரிமம், வேகம் ஆகியவையே அதன் முக்கியக் கவலைகள். 1920களில் தனியார் பஸ்கள் பெருகி ரயில்வேயின் பயணிகளை இழுத்துக்கொள்ளத் தொடங்கின. இந்தப் போட்டியை ஆராய 1932இல் சாலைத் துறையிலிருந்து மிட்செலும் ரயில்வேயிலிருந்து கிர்க்னஸும் நியமிக்கப்பட்டார்கள். அவர்களுடைய அறிக்கையை ஒட்டி எழுந்த விவாதங்களின் விளைவே 1939ஆம் ஆண்டுச் சட்டம். பெர்மிட், வழித்தடம், கட்டணம் என்று கூலிக்கு ஓடும் வண்டிகளைக் கட்டுக்குள் கொண்டுவருவதே அதன் மையம். தகுதிச் சான்றும் அந்தக் கட்டுப்பாடுகளில் ஒன்றாக அமைந்தது. டிக்கெட் எடுத்து ஏறுபவரால் வண்டியைச் சோதித்துப் பார்க்க முடியாது, அவருக்காக அரசு பார்க்க வேண்டும் என்ற நியாயமும் அதில் இருந்தது. சொந்தக் கார் வைத்திருந்தவர்களோ அன்று மிகச் சிலர். 1 ஜூலை 1989 அன்று நடைமுறைக்கு வந்த இன்றைய சட்டம் இந்தப் பிரிவினையை அப்படியே சுவீகரித்துக்கொண்டது. இடையில் நாட்டின் சாலைகள் சொந்தக் கார்களால் நிரம்பிவிட்டன.

காப்பீட்டு நிறுவனம் கைகழுவுவதற்கு ஒரு கணக்கு உண்டு. வண்டியை மீட்டுச் சரிசெய்யும் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 விழுக்காட்டைத் தாண்டினால் அது ‘டோட்டல் லாஸ்’. நான்கிலிருந்து ஐந்து ஆண்டு வயதுள்ள காரின் மதிப்பில் பாதி தேய்மானமாகக் கழிந்துவிடும். எனவே எட்டு லட்சத்துக் கார் அந்த வயதில் நான்கு லட்சம். சர்வேயரின் மதிப்பீடு மூன்று லட்சத்தைத் தாண்டினால் கதை முடிந்தது. உரிமையாளருக்குப் பணம் போகிறது, வண்டி ‘இருக்கும் நிலையில்’ ஏலத்துக்குப் போகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னையின் கார்கள் ஆயிரக்கணக்கில் இப்படித்தான் கைமாறின. முறையாகச் சரிசெய்வது கட்டுப்படியாகாது என்று கணக்குப் பார்த்ததால்தான் அந்த வண்டி ஏலத்துக்கே வந்தது. அதை லாபத்துக்கு விற்க வேண்டியவர் எங்காவது ஒரு செலவைக் குறைத்தாக வேண்டும்.

குறைக்கும் இடம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத இடம்தான். இன்றைய காருக்கு லாரியைப் போலத் தனிச் சேசிஸ் இல்லை. தகடுகளைப் புள்ளிப் புள்ளியாகப் பற்றவைத்த உடலே அதன் எலும்பு. மோதும்போது முன்பக்கம் திட்டமிட்ட அளவில் நொறுங்கி, உள்ளே இருப்பவர் மேல் வரும் விசையைக் குறைக்க வேண்டும். நசுங்கிய முன்நீளத் தண்டைக் கேஸ் சுடரால் பழுக்கக் காய்ச்சி நிமிர்த்தினால் வடிவம் திரும்பும், உயர்வலு எஃகின் வலு திரும்பாது. மேலே பட்டி பூசித் தேய்த்து பெயின்ட் அடித்தபின் அந்த இடம் தொழிற்சாலையிலிருந்து வந்ததுபோலவே பளபளக்கும். காந்தத்தை வைத்துப் பார்த்தால் பட்டி கனமான இடத்தில் ஒட்டாது; கதவுத் தகட்டில் இந்தச் சோதனை உதவும், உள்ளே இருக்கும் தண்டில் உதவாது. வெடித்த ஏர்பேக்குக்குப் பதில் புதியது வாங்காமல், அதன் இணைப்பில் சிறு மின்தடையைச் சொருகி எச்சரிக்கை விளக்கை அணைத்துவிடும் வேலையும் நடக்கிறது. வெள்ளத்தில் மூழ்கிய வண்டியில் வயர் இணைப்புகளுக்குள் தங்கிய ஈரம் மெதுவாக அரித்து, மாதங்கள் கழித்துக் கோளாறு காட்டும்.

இயந்திரக் கோளாறால் நேரும் விபத்துகள் சொற்பம், ஓட்டுநரின் தவறே பெரிது, இதற்கு ஏன் இன்னொரு சோதனை என்ற கேள்வி வலுவானது. ஆனால் அந்தக் கணக்கு எப்படிப் பிறக்கிறது என்று பார்க்க வேண்டும். விபத்துக்குப் பிறகு 136ஆம் பிரிவின்படி, மக்கள் பிரேக் இன்ஸ்பெக்டர் என்று அழைக்கும் ஆய்வாளர் வண்டியைப் பார்வையிடுகிறார். சேதங்களை வரிசையாக எழுதி, இயந்திரக் கோளாறு விபத்துக்குக் காரணமா இல்லையா என்று முடிக்கிறார். மோசமான வெல்டிங் விபத்தை உண்டாக்குவதில்லை. வேறு காரணத்தால் நேர்ந்த விபத்தில், பிழைத்திருக்க வேண்டியவரைச் சாகடிக்கிறது. அந்தச் சாவு அதிவேகத்தின் கணக்கில்தான் எழுதப்படும்.

சோதனையே நம்பத்தக்கதா என்ற கேள்வியும் உண்டு. 2012 ஜூலையில் தாம்பரம் அருகே பள்ளி பஸ்ஸின் தளத்தில் இருந்த ஓட்டை வழியாக ஒரு சிறுமி விழுந்து இறந்தாள். அந்த பஸ் தகுதிச் சான்று பெற்ற வண்டிதான். அதன் பிறகு தமிழ்நாட்டில் பள்ளி வாகனங்களுக்கெனச் சிறப்பு விதிகளே வந்தன. இத்தகைய குறைகளைக் களைய, தானியங்கிச் சோதனை நிலையங்களுக்கான விதிகளை ஒன்றிய அரசு 2021 செப்டம்பரில் வெளியிட்டது. அவற்றைக் கட்டாயமாக்கும் நாள் ஒருமுறைக்கு மேல் தள்ளிப்போனது. உருளைகளில் சக்கரத்தை ஏற்றி பிரேக் விசையை அளப்பதும் புகையை அளப்பதும் பெரிய முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. ஆனால் எந்த உருளையும் பட்டிக்கு அடியில் உள்ள வெல்டிங்கை அளக்காது. சீரமைத்த வண்டிக்கு வேண்டியது வேறுவகைச் சோதனை: பெயின்ட் அடிக்கும் முன் எடுத்த படங்கள், உதிரிபாகங்களின் ரசீதுகள், உடலின் அளவுப் புள்ளிகளைத் தயாரிப்பாளரின் அளவுகளோடு ஒப்பிடுதல்.

வெளிநாடுகளும் இதை முழுமையாகத் தீர்த்துவிடவில்லை. நியூயார்க் மாநிலம் இத்தகைய கார்களைப் பரிசோதிப்பது திருட்டு உதிரிபாகங்களைக் கண்டுபிடிக்கத்தான். பிரிட்டன் 2017 முதல் இவற்றை ஏ, பி, எஸ், என் என்று நான்காகப் பிரிக்கிறது. முதல் இரண்டும் சாலைக்குத் திரும்பவே கூடாது. எஸ் என்பது உடற்கட்டு சேதமானது. அங்கும் எஸ் வகைக் காருக்குத் தனிச் சோதனை கட்டாயமில்லை, ஆனால் வாங்குபவர் அந்தக் குறியைப் பார்த்து விலை பேசலாம். இந்தியாவில் வண்டி நிரந்தரமாகப் பயனற்றுப் போனால் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று 55ஆம் பிரிவு சொல்கிறது. சீரமைக்க முடிந்த வண்டி அதற்குள் வராது என்பதால் ஆர்.சி. என்னும் பதிவுச் சான்று சுத்தமாகவே இருக்கிறது. அதே ஆர்.சி.யையும் சேசிஸ் எண்ணையும் திருட்டு வண்டிக்கு மாட்டிவிடவும் இது வசதியாகிறது.

பழைய வண்டியை மீட்டெடுப்பது நல்ல தொழில். நேர்மையாகச் செய்பவர்களால்தான் பலருக்குக் கார் கைக்கு எட்டுகிறது. சோதனைச் செலவு அவர்களை நசுக்கும் என்பார்கள். உண்மையில் இன்று நசுங்குவது நல்ல தண்டு வாங்கிப் போட்டவர்தான். பட்டி பூசியவரும் அவரும் ஒரே சந்தையில் விற்கிறார்கள், வாங்குபவருக்கு வேறுபாடு தெரிவதில்லை. அந்த வேறுபாட்டைக் காட்டப் புதிய துறை எதுவும் தேவையில்லை. காருக்கு நிறம் மாற்றினாலும் எல்.பி.ஜி. பொருத்தினாலும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சொல்லி ஆர்.சி.யில் பதிய வேண்டும் என்பது நடைமுறை. டோட்டல் லாஸ் பணம் கொடுக்கும் காப்பீட்டு நிறுவனமே அதைத் தெரிவிக்க, பதிவு நிறுத்திவைக்கப்பட்டு, சீரமைப்புச் சோதனைக்குப் பிறகு ஒரு குறிப்போடு திரும்பத் தரப்பட வேண்டும். இன்றைய நிலையில், முன்பாதி முழுவதையும் வெட்டி ஒட்டிய காருக்கு அந்த அலுவலகத்தில் ஒரு வரிகூடப் பதிவாவதில்லை.