சிலம்பின் உட்பரல்: அணிகலன் குறித்த ஒரு வரலாற்று நோக்கு

சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில், மாதவி தன்னை அணிசெய்துகொள்ளும் பகுதி ஒன்று உண்டு. கால்விரல் தொடங்கித் தலை ஈறாக அவள் பூண்ட அணிகளை இளங்கோவடிகள் ஒவ்வொன்றாகப் பெயர் கூறி அடுக்கிச் செல்கிறார். பழந்தமிழர் அணிகலன்களை ஆராய்வோர் முதலில் நாடும் பகுதி அதுவே. ஆயினும் அந்த நீண்ட பட்டியலில் உள்ள எந்த அணியின் பெயராலும் அக்காப்பியம் வழங்கப்பெறவில்லை. கணவன் பிரிந்தபின் பிற அணிகளைக் களைந்து, மங்கல அணி ஒன்றுடன் வாழ்ந்த கண்ணகியின் சிலம்பே நூலுக்குப் பெயராயிற்று.

அச்சிலம்பும் புறத்தோற்றத்தால் வழக்கை வெல்லவில்லை. அரசியின் சிலம்பும் கண்ணகியின் சிலம்பும் வெளியே ஒன்றுபோல் இருந்தமையாலேயே கோவலன் கொலையுண்டான். அரசியின் சிலம்பில் இருந்த பரல் முத்து. கண்ணகியின் சிலம்பில் இருந்த பரல் மாணிக்கம். உடைத்தபோது உள்ளிருந்த பரலே உண்மையை உரைத்தது. அணிகலனைப் பற்றித் தமிழ் இலக்கியம் எழுப்பிய மிகப் பெரிய வினா இதுதான்: வெளியே மின்னுவது இருக்கட்டும், உள்ளே இருப்பது எது?

இன்று சென்னையின் மயிலாப்பூர், அடையாறு, தியாகராய நகர்ப் பகுதிகளில் நகை வடிவமைப்பு ஒரு தனித் துறையாக வளர்ந்துள்ளது. பல நகைகளை ஒருங்கே அடுக்குவதை விட்டு, அணிபவரின் இயல்பையும் கருத்தையும் தானே எடுத்துரைக்கும் ஒரே ஒரு நகையைப் படைப்பதே இவ்வடிவமைப்பாளர்களின் நோக்கம். 'பேசும் நகை' என்று அதனைக் கூறலாம். இது மேலைநாட்டுப் புதுமை என்று எண்ணுவோர் உளர். கண்ணகியின் சிலம்பை அறிந்த தமிழருக்கு அது புதுமையன்று. தமிழ்ச் சமணருக்கோ அதனினும் நெருங்கிய செய்தி.

துறவியர் நூல்களும் அணிகளின் பெயர்களும்

ஐம்பெருங்காப்பியங்களின் பெயர்களை நோக்குக. சிலம்பு, மணி, மேகலை, வளையல், குண்டலம் என எல்லாம் அணிகலன்களையே நினைவூட்டுகின்றன. இவற்றுள் சிலப்பதிகாரம், சீவக சிந்தாமணி, வளையாபதி ஆகிய மூன்றும் சமணச் சார்புடையவை. ஐஞ்சிறு காப்பியங்களுள் தோலாமொழித்தேவரின் சூளாமணி, முடியில் சூடும் மணியைக் குறிக்கும். பொன்னையும் மணியையும் துறந்த அடிகளும் தேவரும் தம் நூல்களுக்கு இத்தகைய பெயர்களைச் சூட்டியது வியப்பன்றோ?

இதற்கான விடை அருங்கலச்செப்பில் கிடைக்கிறது. சமந்தபத்திரரின் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தைத் தழுவி எழுந்த இந்நூல் இல்லறத்தார் ஒழுக்கத்தை உரைப்பது. நகைப்பெட்டியின் பெயரே நூலின் பெயர். அப்பெட்டியுள் இருப்பவையோ நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் என்னும் மும்மணிகள். பெட்டியின் மதிப்பு உள்ளே இருப்பதைப் பொறுத்தது என்பதே இதன் குறிப்பு.

இல்லறத்தார் நகையே அணியலாகாது என்று சமணம் விதிக்கவில்லை. துறவிக்கு முற்றத் துறத்தல். இல்லறத்தாருக்குப் பொருளை வரையறுத்தல். ஐந்து அணுவிரதங்களுள் இறுதியானது இதுவே. 'எனக்கு இவ்வளவு போதும்' என்று தானே எல்லை வகுத்துக்கொள்பவர் அதற்குள் அழகாக வாழத் தடையில்லை.

மயிலை: அணி களைந்த பெருமான்

மயிலாப்பூர் என்றதும் இன்று கபாலீசுவரர் கோயிலின் மாடவீதிகளும் அங்குள்ள நகைக்கடைகளும் நினைவுக்கு வரும். தமிழ்ச் சமணர் நினைவில் அது நேமிநாதரின் ஊர். குணவீர பண்டிதர் தம் இலக்கண நூலுக்கு நேமிநாதம் என்று பெயரிட்டது அப்பெருமானைப் போற்றியே. அவிரோதியாழ்வாரின் திருநூற்றந்தாதியும் மயிலை நேமிநாதரைப் பாடியது. சாந்தோமில் கிடைத்த துண்டுக் கல்வெட்டு ஒன்றிலும் நேமிநாதர் பெயர் உண்டு. கடல்கோளுக்கு அஞ்சி அத்திருவுருவம் மேல்சித்தாமூருக்குக் கொண்டுசெல்லப்பட்டது என்பது வழிவழி வரும் செய்தி.

அந்த நேமிநாதரின் வரலாற்றிலும் ஒரு நகைச் செய்தி உள்ளது. இராஜிமதியை மணக்க அவர் தேரேறிச் செல்கிறார். மணவிருந்துக்காக அடைக்கப்பட்ட விலங்குகளின் ஓலம் கேட்கிறது. தம் திருமணத்தின் பொருட்டு அவ்வுயிர்கள் மடியவிருப்பதை அறிகிறார். அந்நொடியே தம் குண்டலங்களையும் மற்ற அணிகளையும் கழற்றித் தேர்ப்பாகனிடம் கொடுத்துவிட்டார் என்று சுவேதாம்பர மரபின் உத்தராத்தியயன சூத்திரம் கூறும். திருமணம் நின்றது, துறவு தொடங்கிற்று. மணவிழாவின் மின்னலுக்குள் மறைந்திருந்த துன்பத்தை அவர் கண்டார். இதுவும் சிலம்பை உடைத்துப் பார்த்த செயலே.

திருவண்ணாமலை மாவட்டத்துத் திருமலையில் ஏறத்தாழ 16 அடி உயரத்தில் பாறையில் செதுக்கப்பெற்ற நேமிநாதர் நிற்கிறார். உடலில் ஓர் அணியும் இல்லை. ஆயினும் அவருக்கு வழங்கும் பெயர் சிகாமணிநாதர். அணியற்ற திருவுருவத்தையே முடிமணியாகக் கண்டது தமிழ்ச் சமணம். அம்மலையில்தான் சோழர் குலப் பெண் குந்தவையின் பெயர் தாங்கிய குந்தவை ஜினாலயமும் உள்ளது. இராசராசனின் தமக்கையான குந்தவை தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அளித்த அணிகள் கல்வெட்டுகளில் எடையோடும் மணிகளின் எண்ணிக்கையோடும் பதிவாகியுள்ளன. பொன்னை நிறுக்க ஆடவல்லான் என்னும் கல்லும் அணிகளை நிறுக்கத் தட்சிணமேரு விடங்கன் என்னும் கல்லும் பயன்பட்டன. நகைக்குள் என்ன உள்ளது என்பதைப் பொதுவில் கல்லில் பொறித்து வைத்த காலம் அது.

கோயில் திருவுருவங்களுக்குச் செய்யப்பட்ட அவ்வகை அணிகளின் வடிவம் பின்னாளில் ஆடல் மகளிரின் நகைகளாயிற்று. நெற்றிச்சுட்டி, சூரியன், சந்திரன், ராக்கொடி, சடைநாகம், வங்கி, ஒட்டியாணம், அட்டிகை என அவை வழங்கும். நாகர்கோவிலை அடுத்த வடசேரி இக்கைவினைக்குப் பெயர்பெற்றது. நாகர்கோவில் கோயில் நகைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது. வெள்ளியில் கூடு அமைத்து, உள்ளே அரக்கு நிரப்பி, சிவப்பும் பச்சையுமான கற்களைப் பதித்து, சுற்றிலும் மெல்லிய பொற்றகட்டை அழுத்திச் செய்வது மரபு. மார்கழியில் மயிலை மாடவீதிக்கு ஆடற்கலைஞர் வந்து தேடுவது இவ்வகை நகைகளையே.

அடையாறு: வடிவமைத்த கலைஞர்

இந்நகையைக் கருதி ஆராய்ந்து மேடைக்கு உரியதாக்கியவருள் முதன்மையானவர் ருக்மிணி தேவி அருண்டேல் (1904–1986). மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் அவர் ஆடல் பயின்றார். 1935 டிசம்பரில் அடையாறு பிரம்மஞான சபையின் வைரவிழாவில் அவருடைய அரங்கேற்றம் நிகழ்ந்தது. 1936-இல் கலாக்ஷேத்திரா தோன்றியது. கோயிற் சிற்பங்களை நோக்கி உடையையும் அணியையும் அவர் திருத்தி அமைத்தார். இன்று உலகெங்கும் பரதநாட்டியக் கலைஞர் பூணும் நகைத்தொகுதியில் அவர் எண்ணத்தின் சுவடு உள்ளது. அந்நகையின் மதிப்பு எடையில் இல்லை. காண்போர் கண்ணில் எழுப்பும் பொருளில் உள்ளது.

அதே ருக்மிணி தேவி 1952-இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பெற்றபோது விலங்குகளின் துயரத்தைத் தம் வழக்காக எடுத்துக்கொண்டார். அவருடைய முயற்சியின் பயனாக 1960-இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. 1962-இல் அமைந்த இந்திய விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. அணியின் அழகை அறிந்த ஒருவர் உயிரின் அருமையையும் அறிந்திருந்தார். நேமிநாதர் வழிபடப்பெற்ற மயிலைக்கு அடுத்த ஊரில் இது நிகழ்ந்தது என்பதைச் சமணர் நினைத்து மகிழலாம்.

தியாகராய நகர்: எடையின் அரசு

மாம்பலம் ஏரியை நிரப்பி 1920-களில் உருவாகி, சர் பிட்டி தியாகராயரின் பெயர்பெற்ற பகுதி தியாகராய நகர். அதன் உஸ்மான் சாலை இன்று தென்னகத்தின் பெரும் பொற்சந்தை. இங்கு நகை பேசும் மொழி பவுன் கணக்கு. 'பெண்ணுக்கு எத்தனை பவுன்?' என்னும் கேள்வி திருமணப் பேச்சில் முன்னே நிற்கிறது.

அக்கேள்வியைப் பேராசை என்று மட்டும் ஒதுக்குவது வரலாற்றுக்கு நேர்மை ஆகாது. தந்தையின் சொத்தில் மகளுக்குச் சம உரிமை இல்லாத காலத்தில் நகையே பெண்ணின் கைப்பொருள். கணவன் இறப்பினும் பஞ்சம் வரினும் விற்று உண்ண உதவியது அது. அதனால்தான் கல்லும் வேலைப்பாடும் குறைந்த, எடை மிகுந்த நகையை முன்னோர் விரும்பினர். ஆனால் 1989-இல் தமிழ்நாடு அரசு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி மகளுக்கும் பிறப்புரிமை அளித்தது. 2005-இல் அது நாடு முழுமைக்கும் வந்தது. அச்சட்டம் சமணருக்கும் உரியது. மகளுக்குரிய பங்கை நிலத்திலும் வீட்டிலும் முறையாகத் தரும் குடும்பம், கடன்பட்டுப் பவுன் சேர்க்கத் தேவையில்லை.

பொற்கொல்லர் வரலாறும் இங்கு நினைக்கத்தக்கது. 1963-இன் பொற்கட்டுப்பாட்டு விதிகள் 14 காரட்டுக்கு மேற்பட்ட தூய்மையில் புதுநகை செய்வதைத் தடுத்தன. பல பொற்கொல்லர் குடும்பங்கள் தொழிலிழந்து வாடின. 1968-இல் தனிச்சட்டமாகத் தொடர்ந்த கட்டுப்பாடு 1990-இல் நீங்கியது. அதன்பின்னரே புதிய வடிவமைப்பு தழைத்தது. 1995-இல் அடையாற்றை அடுத்த தரமணியில் தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனத்தின் சென்னை வளாகம் தொடங்கியது. தஞ்சைக் கல்வெட்டின் வேலையை இன்று முத்திரை செய்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறிலக்கக் குறியீடு இல்லாமல் முத்திரைத் தங்க நகையை விற்க இயலாது. கண்ணகி உடைத்துக் காட்டிய உண்மையை உடைக்காமலே காட்டும் வழி அது.

உள்ளே நோக்கும் மூன்று வினாக்கள்

எடையைக் குறைத்து எண்ணத்தை மிகுத்தல் பிற நாடுகளிலும் நிகழ்ந்ததே. பாரிசு நகரின் ரெனே லாலிக் 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கண்ணாடி, எனாமல் போன்ற எளிய பொருள்களால் நகை செய்து, மதிப்பு கல்லின் விலையில் இல்லை என்று காட்டினார். நம் காலத்தில் கொல்கத்தாவின் ஐனா அலுவாலியா, இல்லத்து வன்முறைக்கு எதிராக அன்பு, மதிப்பு, காப்பு என்னும் சொற்களையே மண நகையாக்கினார். இத்தகைய நகை பேசுகிறது, அறமும் பேசுகிறது.

எனினும் வடிவமைப்பாளர் பெயரும் ஒரு மயக்கம் ஆகலாம். கற்களும் கூலியும் மிகுந்த நகை விற்கும்போது வாங்கிய விலை தராது. ஒன்று பேசும் என்று தொடங்கி, விழாவுக்கு ஒன்றாகப் பத்து வாங்கினால் அதுவும் குவியலே. ஆதலின் சமண இல்லறத்தார் எந்த நகையின்முன் நின்றாலும் மூன்று வினாக்களைக் கேட்பது தகும்.

முதலாவது, உள்ளே தூய்மை உண்டா என்பது. முத்திரையும் குறியீடும் விடை தரும்.

இரண்டாவது, உள்ளே உயிர்வதை உண்டா என்பது. இல்லறத்தார் விலக்கவேண்டும் என்று சமண நூல்கள் கூறும் 15 வணிகங்களுள் தந்த வணிகமும் அரக்கு வணிகமும் அடங்கும். தந்தமும் புலிநகமும் இன்று சட்டத்தாலும் விலக்கப்பட்டவை. அரக்கு சிறு பூச்சிகளிடமிருந்து பெறப்படுவது. கோயில் நகையின் கூட்டுக்குள் மறைந்திருப்பது. முத்து, சிப்பியைப் பிளந்து எடுப்பது. வளர்ப்பு முத்துக்கும் சிப்பியின் உடலில் உட்கரு வைத்தல் வேண்டும். நகையைச் சொல்லிச் செய்விக்கும்போது இவை வேண்டா என்று சொல்ல வாய்ப்புண்டு. ஆயத்த நகைக்கு இல்லாத அவ்வாய்ப்பே வடிவமைப்பாளரால் வரும் பெரிய நன்மை.

மூன்றாவது, உள்ளே கடனும் போட்டியும் உண்டா என்பது. அட்சய திருதியை அன்று உஸ்மான் சாலையில் கால்வைக்க இடமிராது. சமணருக்கு அந்நாள் பொன் வாங்கும் நாளன்று. நெடுநாள் உணவின்றி இருந்த ஆதிநாதருக்குச் சிரேயாம்ச மன்னன் கரும்புச்சாறு அளித்த, தானம் பிறந்த நாள். பெறும் நாளன்று, தரும் நாள்.

இவ்வினாக்களுக்குத் தக்க விடை கூறும் நகை, ஒரு பவுனாயினும், பெண்மக்கள் தலைமுறையாகப் பெருமையுடன் பூணத்தக்கது. பேரப்பெண்ணுக்கு நகை செய்விக்கும் பாட்டியர் அதன் எடையோடு, அதில் எவ்வுயிரும் வருந்தவில்லை, எவர் கடனும் கலக்கவில்லை என்னும் சொல்லையும் சேர்த்து அளிப்பாராக. அருங்கலச்செப்பில் வைக்கத்தகும் பரல் அதுவே.